உடம்புக்கு ஒத்துக்கும்

தமிழ்ச்செல்வி அக்கா வாய் தவறிச் சொல்லிவிட்டார் என்றுதான் ஆரணியில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். வெகுளி, எங்கே எதைச் சொல்வதென்று தெரியாது, பாவம் என்று பரிதாபப்படுகிறவர்களும் உண்டு. திட்டுகிறவர்களைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தப் பரிதாபத்தைக் கேட்டால்தான் எனக்கு எரிகிறது. அவருக்கு வாய் தவறவில்லை. ஒரு டாக்டர் கூட்டத்தின் நடுவில் மைக்கில் கேள்வி கேட்டார். அவர் பதில் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. அந்தக் கூட்டத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஸ்லைடு தள்ளிக்கொண்டிருந்தவன் நான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுத எனக்கு உரிமை இருக்கிறது.

எங்கள் ஊர் ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் போகிற சாலையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். ஊர் என்று சொல்வது வழக்கம். சரியாகச் சொன்னால் ஊரைத் தாண்டி இருக்கிற காலனி. எங்கள் தெருவில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நான், தாவரவியல் எம்.எஸ்ஸி. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. ஆனால் எங்கள் தெருவிலிருந்து முதன்முதலில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு டவுனுக்கு வேலைக்குப் போனவர் செல்வியக்கா. காலையில் அவர் பஸ்ஸுக்கு நிற்கும்போது எங்கள் தெருவே அவரைத் திரும்பிப் பார்க்கும். அவர் வேலை செய்த இடத்தில் அவரைவிடச் சின்னவர்கள்கூட ‘அவ’, ‘அந்தப் பொண்ணு’ என்பார்கள். இந்தக் கட்டுரை முழுக்க நான் ‘அவர்’ என்றே எழுதுவேன்.

அவருடைய அப்பா தருமன் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். அம்மா சின்னபொண்ணு நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று எந்த வேலை கிடைத்தாலும் போனவர். ப்ளஸ் டூ முடித்ததும் செல்வியக்கா போளூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கிருந்த மலையாள நர்ஸ் ஒருவர், “நோயாளியத் திருப்பிப் படுக்கவைக்கும்போது அவங்க முகம் சுளிக்கவே இல்ல, உன் கை அப்படி” என்று சொல்லி, பாலக்காட்டுப் பக்கம் ஒரு வைத்தியசாலையில் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார். அங்கே ஒரு வருஷம். எண்ணெய் காய்ச்ச, இலை வதக்க, அதைத் துணியில் பொட்டலமாகச் சுற்றிக் கிழி கட்ட, உடம்பைத் தொட்டு அறியக் கற்றுக்கொண்டு வந்தார். கொஞ்சம் மலையாளமும் வந்தது. திரும்பி வந்து பெயிண்டர் அன்பரசுவைக் கல்யாணம் செய்துகொண்டார். ஒரு பெண் குழந்தை, இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

ஆரணியில் டாக்டர் சிவகுமார் ஆயுர்வேத சென்டர் திறந்தபோது முதலில் சேர்ந்தவர் செல்வியக்காதான். டாக்டர் பெங்களூரில் படித்தவர். நல்ல மனிதர், மெதுவாகப் பேசுவார், யாரையும் அதட்டமாட்டார். நல்ல மனிதர்களால் என்னென்ன கெடுதல் வரும் என்பதை நான் அவரிடம்தான் பார்த்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

சென்டருக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் பட்டுத் தொழிலைச் சேர்ந்தவர்கள். குழித்தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போனவர்கள், நாடா இழுத்து இழுத்துத் தோள் போனவர்கள். மீதிப்பேர் பட்டுக்கடை வைத்திருப்பவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். ஆண்களுக்கு ஆண் ஆள், பெண்களுக்குப் பெண் ஆள். பெண்கள் பக்கம் நாலாம் நம்பர் அறை செல்வியக்காவுடையது. பக்கத்து அறை குணசுந்தரிக்கு. அவள் பிறகு சேர்ந்த பெண். வேலையெல்லாம் செல்வியக்கா சொல்லிக்கொடுத்தது.

செல்வியக்கா எப்படி வேலை செய்வார் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். உடம்பு எந்த வகை என்று டாக்டர் எழுதிக்கொடுத்தாலும், கை வைத்ததும் கைக்கே தெரிந்துவிடுமாம். வாத உடம்பு என்றால் தோல் வறண்டு, தொட்டால் குளிர்ந்திருக்கும். அதற்கு நல்லெண்ணெயைச் சூடாக, நிறைய விட்டு, நீளமாக, மெதுவாகத் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டால் அந்த உடம்பு மிரளும். பித்த உடம்பு தொட்டதுமே சுடும். அதற்குத் தேங்காயெண்ணெய் கலந்து, சூடு குறைத்து, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். கப உடம்புக்கு எண்ணெயே அதிகம் ஆகாது. கொள்ளுப்பொடி மாதிரி வறட்டுப் பொடியை எடுத்து, முடி படிந்திருக்கும் வாக்குக்கு எதிராக, கீழிருந்து மேலாக அழுத்தித் தேய்க்க வேண்டும். அப்போதுதான் அந்த உடம்பு எழுந்திருக்கும்.

எந்த உடம்பானாலும் கை வைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார். “நேத்து ராத்திரி இன்னா சாப்ட்டீங்க?” வயிறு நிறையச் சாப்பிட்டுச் செரிக்காமல் வந்திருந்தால் அன்றைக்குத் தொடமாட்டார். பரோட்டா தின்றுவிட்டு இட்லி என்று பொய் சொல்கிறவர்களிடம், “சாப்பாட்ட மறைக்காதீங்கமா, மறைச்சா எண்ணெ ஏறாது” என்பார். இதை அவர் வேலையின் சட்டமாகவே வைத்திருந்தார். இது முக்கியம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பூங்காவனம் அம்மாள் பட்டுக்கடை சம்பந்தத்தின் மனைவி. வலது தோள் இறுகிப்போய்க் கை மேலே எழும்பவில்லை. ஊசி போட்டுப் பார்த்தார்கள், கரண்டு வைத்துப் பார்த்தார்கள். தலைவார முடியாது, ரவிக்கை கொக்கி மாட்ட முடியாது. மருமகளிடம் போய் நிற்க அந்த அம்மாளுக்கு வெட்கம். செல்வியக்கா எண்ணெய் போட்டு, நொச்சி, ஆமணக்கு, முருங்கை இலைகளைத் தேங்காய்த்துருவலும் எலுமிச்சையும் சேர்த்து வதக்கிக் கிழி கட்டி, ஒத்தடம் கொடுத்து வந்தார். வேலை முடிந்ததும் அவரே அந்த அம்மாளுக்குக் கொக்கி மாட்டி, தலைவாரி, கொண்டை போட்டு அனுப்புவார். அது சிகிச்சையில் சேராது. மருமகளுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று செய்தது. ஒருநாள் கிழி முடிந்து எழுந்து உட்கார்ந்த பூங்காவனம் அம்மாள் கையைத் தூக்கிப் பார்த்தார். விரல் பிடரியைத் தொட்டது. கண்ணில் தண்ணீர் வழிய, செல்வியக்காவின் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “இந்தக் கைக்குத் தங்கத்துல வளையல் போடணும்டி” என்றாராம். எண்ணெய்க் கை என்றுகூடப் பார்க்கவில்லை.

அந்தக் கண்ணீரைப் பொய் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அது நிஜக் கண்ணீர். அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

டாக்டர் மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை சென்டர் மாடியில் அறிமுகக் கூட்டம் நடத்துவார். ஆயுர்வேதம் என்றால் என்ன, உடம்பு எத்தனை வகை, எந்த உடம்புக்கு என்ன சிகிச்சை என்று பேசுவார். அவருடைய ஸ்லைடுகளைத் தமிழில் எழுதித் தந்தது நான். அன்றைக்கு மாடி நிறைந்துவிட்டது. பூங்காவனம் அம்மாள் மகன் கமலக்கண்ணனோடு முன்வரிசையில் இருந்தார். கொண்டையை அவரே போட்டுக்கொண்டு, மல்லிகை வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

“எல்லாருக்கும் ஒரே உடம்பு இல்ல” என்று டாக்டர் ஆரம்பித்தார். “சில பேரு காத்து மாதிரி. ஒரு இடத்துல உக்காரமாட்டாங்க. தோல் வறண்டு இருக்கும். லேசா சத்தம் கேட்டாலும் முழிச்சிப்பாங்க. ஒருநாள் பசிக்கும், ஒருநாள் பசிக்காது. அது வாத உடம்பு.”

நடுவரிசையில் ஒருவர் கை தூக்கினார். “டாக்டர், வாதம்னா கை கால் இழுத்துகினு பூடுமே. எங்க மாமா அப்புடித்தான் படுத்துகினு கெடந்தாரு.”

“அது நோய், இது அமைப்புங்க. வாத உடம்பா இருந்தா இழுத்துக்கும்னு அர்த்தம் இல்ல. பித்த உடம்புன்னாலும் பைத்தியம்னு அர்த்தம் இல்ல.”

“எங்க வூட்டுக்காரருக்கு ரெண்டும் இருக்குதுங்க, அதுக்கு இன்னா எண்ணெ?” என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. மாடியே சிரித்தது.

பிறகு கப உடம்பைச் சொன்னார். திடமான உடம்பு, நிதானமான நடை, தூங்கினால் எழுப்ப முடியாது, லேசில் கோபம் வராது, எடை ஏறினால் இறங்காது. சம்பந்தம் வீட்டார் உட்கார்ந்திருந்த முன்வரிசையைப் பலர் பார்த்தார்கள். கமலக்கண்ணன், “என்னையே பாக்கறீங்களே” என்று தானும் சிரித்தார். நல்ல கலகலப்பான கூட்டம்தான்.

“பித்தத்துக்கு ஆள் தேட வேணாம், நம்ம செல்வியே இருக்கா” என்று டாக்டர் அவரை மேடைக்குக் கூப்பிட்டார். செல்வியக்கா வெள்ளைக் கோட்டோடு வந்து நின்றார். டாக்டர் மைக்கை மாற்றி மாற்றி நீட்டிக் கேட்டார்.

“பசி வந்தா எப்படி?”

“கண்ணு தெரியாது டாக்டர். எதிர்ல இருக்கறவங்களக் கடிச்சிடுவேன்.”

“வேர்வை?”

“மார்கழியிலயும் வேர்க்கும்.”

“முடி?”

“சீக்கிரமே நரைச்சிபோச்சி. டை போட்டுகினு வந்துருக்கேன், வெளிய சொல்லிடாதீங்க.”

சிரிப்பு அடங்கவே நேரம் ஆயிற்று. பூங்காவனம் அம்மாள் கமலக்கண்ணனிடம் குனிந்து, “இவதான்டா என் தோள சரி பண்ணவ” என்று சொன்னது எனக்கே கேட்டது. அப்போது நான் எழுதிய ஸ்லைடு திரையில் இருந்தது: ‘எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது?’ டாக்டர் அதைப் பார்த்துப் படித்தார். “சாப்பாட்டுல உனக்கு எது ஒத்துக்கும், எது ஒத்துக்காது?”

செல்வியக்கா யோசித்துத்தான் சொன்னார். “புளி ஒத்துக்காது. ஊறுகா ஒத்துக்காது. பிராய்லர் கோழி சூடு, வாயெல்லாம் புண்ணு வந்துடும். மாட்டுக்கறி நல்லா ஒத்துக்கும். ஞாயித்துக்கெழமன்னா எங்க வூட்ல அதான். எவ்ளோ சாப்ட்டாலும் ஒண்ணும் பண்ணாது.”

ஒருவர் செல்போனை எடுத்துப் பார்த்தார். பூங்காவனம் அம்மாளின் முகத்தை நான் பார்த்தேன். அந்த அம்மாள் தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் என் பக்கம் திரும்பி, “அடுத்த ஸ்லைடு போடுப்பா” என்றார்.

அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பலர் ஆட்டுக்கறி, கோழி, மீன் எல்லாம் சாப்பிடுகிறவர்கள்தான். முழுச் சைவம் சில வீடுகள்தான். ஆகவே உயிரைக் கொல்வதுபற்றிய வருத்தம் என்று யாரும் என்னிடம் கதை விடவேண்டாம். ஒரு முகூர்த்தப் புடவைக்கு எத்தனை ஆயிரம் பட்டுக்கூடு புழுவோடு கொதிக்கிற தண்ணீரில் போகிறது என்று ஆரணியில் தெரியாதவர் கிடையாது. நெய்கிறவர் வயிற்றுக்காக நெய்கிறார், அவரை நான் குற்றம் சொல்லவில்லை. ஆட்டுக்கறி என்று சொன்னால் சாப்பாடு மட்டும் தெரியும். மாட்டுக்கறி என்று சொன்னால் தெரு தெரிந்துவிடும். அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது கறி இல்லை, தெரு.

மறுநாள் பூங்காவனம் அம்மாள் தன் நேரத்துக்கு வந்தார். நாலாம் நம்பர் அறை வாசல் வரைக்கும் வந்து, உள்ளே வராமல், “வேற பொண்ணு இருக்குதா?” என்று தரையைப் பார்த்துக் கேட்டார். செல்வியக்கா எண்ணெயைச் சூடு பண்ணி, மணிக்கட்டில் விட்டுப் பதம் பார்த்துக்கொண்டிருந்தார். குணசுந்தரி வந்து அந்த அம்மாளைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அடுத்து வந்தவர்களும் அப்படியே கேட்டார்கள். ஒருவரும் காரணம் சொல்லவில்லை. மாடியில் இருந்தவர்கள் இல்லாதவர்களிடம் சொல்லியிருந்தார்கள்.

குணசுந்தரி மத்தியானம் டிபன்பாக்ஸைத் திறக்காமல் அழுதிருக்கிறாள். அவளும் எங்களைப் போன்ற தெருதான், போளூர்த் திருமலைப் பக்கம். “என்னைக் கூப்ட்டு கேட்டிருந்தா சாம்பார் சோறுன்னு சொல்லிட்டு எறங்கிருப்பேன்க்கா. நீங்க ஏன்க்கா மாட்டிகினீங்க?”

“நீ மாட்டலியேன்னு அழுவறியா, நான் மாட்டிகினேன்னு அழுவறியா?”

“ரெண்டுந்தான்.”

“அப்ப சாப்ட்டு அழு” என்றாராம் செல்வியக்கா.

செல்வியக்காவை எண்ணெய் காய்ச்சுகிற வேலைக்கு மாற்றினார்கள். அந்த வாரமே ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது: எண்ணெய் யார் காய்ச்சுகிறார்கள்? அங்கிருந்தும் எடுத்துத் துண்டு துவைக்கிற மெஷினிடம் நிறுத்தினார்கள். துண்டு யார் துவைப்பது என்று மட்டும் யாரும் போன் பண்ணிக் கேட்கவில்லை. அந்த வேலை எந்தத் தெருவுக்கு உரியது என்பதில் ஆரணியில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அப்படியும் அவர் கோட்டைக் கழற்றவில்லை. கோட்டோடு நின்று துண்டு துவைத்தார்.

டாக்டர் ஒரு சாயங்காலம் அவரை அறைக்குக் கூப்பிட்டார். நான் அங்கே கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துரு ஏற்றிக்கொண்டிருந்தேன். நான் இருப்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

“செல்வி, நான் ஒரு வழி யோசிச்சு வெச்சிருக்கேன். நீ கையுறை போட்டுகினு செய். பாக்கறவங்களுக்கும் சுத்தமாத் தெரியும். யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.”

“எல்லாருமா போடணும், நான் மட்டுமா?”

“இப்போதைக்கு நீ.”

“கையுறை போட்டா எண்ணெ சூடு எப்புடித் தெரியும் டாக்டர்? உடம்பு எங்க இறுகிகினு இருக்குன்னு எப்புடித் தெரியும்? மாட்டு ஈரலத் தொட்ட கைன்னு கையுறை கேக்கறாங்களே, ஆட்டு ஈரலத் தொட்டவங்களுக்கு வாணாமா?”

டாக்டர் எழுந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். “எனக்குத் தெரியாதா செல்வி? பழைய வைத்திய நூல்லயே எழுதியிருக்கு. வாத நோய்க்கு, வறட்டு இருமலுக்கு, உடம்பு இளைச்சவங்களுக்கு, பசி நெருப்பு ஜாஸ்தியா இருக்கறவங்களுக்கு மாட்டுக்கறி குணம்னு இருக்கு. நானே பரிட்சையில எழுதி மார்க் வாங்கிருக்கேன். உனக்கு ஏன் ஒத்துக்குதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்.”

நான் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டேன். இந்த மனிதர் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டுதான் அன்றைக்கு அடுத்த ஸ்லைடு போடச் சொன்னார்.

“அப்ப அதை மாடியில சொல்லுங்க” என்றார் செல்வியக்கா.

“அது மாடியில சொல்ற விஷயமாம்மா?”

“மாடியில கேட்ட விஷயம் தான டாக்டர்.”

டாக்டர் மேஜையில் இருந்த மருந்துச் சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்புறம் ரொம்பப் பிரியமாக, “உனக்குப் பித்தம் ஏறிகினு இருக்கு செல்வி. அதான் இவ்ளோ கோவம். ரெண்டு நாளைக்கு மோர் குடி, வெட்டிவேர் போட்டுத் தண்ணி குடி, எல்லாம் அடங்கிடும்” என்றார்.

இதைத்தான் முன்னால் சொல்ல வந்தேன். அதட்டத் தெரியாத நல்ல மனிதர்கள் இப்படித்தான் செய்வார்கள். ஒருத்தரை நடுக்கூட்டத்தில் தனியாக விட்டுவிட்டு, அவருக்குக் கோபம் வந்தால் அதற்கு மருந்து எழுதிக் கொடுப்பார்கள். மோர் குடித்து அடங்குகிற கோபம் இருக்கலாம். எனக்கும் வெயிலில் அலைந்தால் வரும். இது அந்தக் கோபம் இல்லை.

செல்வியக்கா சத்தம் போடவில்லை. “அடுத்த கூட்டம் வரைக்கும் பாக்கறேன் டாக்டர். இங்க கதவச் சாத்திகினு சொன்னத அங்க சொன்னீங்கன்னா நாலாம் நம்பர் ரூம்ல நிப்பேன். இல்லன்னா கோட்ட மடிச்சிக் குடுத்துட்டுப் பூடுவேன்” என்றார்.

வீட்டில் அன்பரசு மாமா, “கம்முனு கையுறையப் போட்டுகினு போயேன், இன்னாத்துக்கு பேஜாரு” என்று சொல்லிப் பார்த்தார். வேறு இடம் என்றால் வேலூர்தான். விடிவதற்கு முன்னால் பஸ் ஏறினால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு யார் அனுப்புவது? அதெல்லாம் தெரிந்துதான் அவர் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தார்.

இதற்கு நடுவில் பூங்காவனம் அம்மாளின் தோள் மறுபடியும் இறுக ஆரம்பித்தது. குணசுந்தரியைக் குறை சொல்வதற்கில்லை, அவளுக்கு இன்னும் அந்த அழுத்தம் பிடிபடவில்லை. ஒருநாள் அந்த அம்மாள் துவைக்கிற மெஷின் இருக்கிற பின்கட்டுக்கே வந்துவிட்டார்.

“செல்வி, வூட்டுக்கு வாயேன். மதியானத்துல வா. அவரு கடைக்குப் பூடுவாரு. பின்பக்கம் படிக்கட்டு தனியா கீது, நேரா மாடிக்கு வந்துடலாம். உள்ள நொழைய வேணாம்.”

“பின்பக்கமா வந்தாத்தான் உங்க தோள் சரியாவுமா மா, முன்பக்கமா வந்தா ஆவாதா?”

“கோச்சிக்கினியாடி? டாக்டரே சொன்னாரே, உனக்குப் பித்த உடம்பு, சட்டுனு கோவம் வருதுன்னு.”

“கோவம் இல்லமா. நான் செய்யறேன். நாலாம் நம்பர் ரூம்ல, முன்பக்கமா வந்து, எம்பேரச் சொல்லிக் கேளுங்க, செய்யறேன்.”

“உனக்கு ரொம்பத்தான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். கண்ணில் ஒற்றிய கையைப் பின்படிக்கட்டில் வரச் சொல்ல எப்படி வாய் வந்தது? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. செல்வியக்கா, “வலிடா அது, வலி பேசுது” என்றார். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. பேசியது வலி மட்டும் இல்லை.

அடுத்த கூட்டம் வந்தது. நான் கம்ப்யூட்டரைத் திறந்து ஸ்லைடுகளைப் பார்த்தேன். தூக்கம் இருந்தது, வேர்வை இருந்தது, மலச்சிக்கல் இருந்தது. சாப்பாடு பற்றிய ஸ்லைடைக் காணோம். டாக்டரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

செல்வியக்கா கடைசி வரிசைக்குப் பின்னால் கோட்டோடு நின்றார். முன்வரிசையில் அதே அம்மாள், அதே மகன். அந்த அம்மாளின் கொண்டை கழுத்தோடு சரிந்து கிடந்தது. டாக்டர் இந்தத் தடவை சென்டர் ஆட்களை யாரையும் கூப்பிடாமல், “கமலக்கண்ணன் சார், நீங்க வாங்க, உங்க உடம்பு எந்த வகைன்னு பாக்கலாம்” என்றார். தூக்கம் கேட்டார். வேர்வை கேட்டார். கோபம் வருமா என்று கேட்டார். கமலக்கண்ணன் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னார். “இதை வெச்சே சொல்லிடலாம். சாருக்குக் கபம் தூக்கலா இருக்கு” என்று டாக்டர் முடிக்கப் போனார்.

“சாப்பாடு கேக்கலியே டாக்டர்.”

மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. தலைகள் திரும்பின.

“அது... இன்னைக்கு நேரம் இல்லம்மா.”

“ஒத்துக்கும் ஒத்துக்காதுன்னு கேக்காம உடம்பச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க. போன தடவ என்னைக் கேட்டீங்க. நான் சொன்னேன். சாரையும் கேளுங்க.”

“இன்னா பெரிய விஷயம், நான் எல்லாம் சாப்பிடுவேன்” என்றார் கமலக்கண்ணன், நிலைமையைச் சமாளிக்கிற மாதிரி.

“எல்லாம்னா?” என்று எங்கிருந்தோ ஒரு குரல் கேட்டது. யாரோ சிரித்தார்கள். கமலக்கண்ணன் இறங்கி வந்து உட்கார்ந்துகொண்டார். பூங்காவனம் அம்மாள் மகனை ஏறிட்டுப் பார்த்தார். அவர் அம்மாவைப் பார்க்கவில்லை.

“அவர விடுங்க டாக்டர்” என்றார் செல்வியக்கா. “எனக்கு ஏன் ஒத்துக்குதுன்னு நூல்ல எழுதியிருக்குன்னு சொன்னீங்களே. அத மட்டும் சொல்லுங்க.”

டாக்டருக்கு வேர்த்தது. வாத உடம்புக்காரர், சாதாரணமாக வேர்க்காது. தண்ணீர் குடித்தார். “பழைய நூல்கள்ல எல்லா மாமிசத்துக்கும் குணம் சொல்லியிருக்குங்க. ஆடு, கோழி, மீன், அப்புறம் கோமாம்சம்...” என்று வேகமாகச் சொல்லி அடுத்த விஷயத்துக்குத் தாவினார். நிறைய பேருக்குப் புரியவில்லை. ஏதோ மூலிகை என்று நினைத்திருப்பார்கள். அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் வந்த வெறுப்பைச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டுச் சட்டியில் இருப்பதைச் சொல்ல அவருக்கு ஒரு சமஸ்கிருத வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது.

“தமிழ்ல சொல்லுங்க டாக்டர்” என்றார் செல்வியக்கா.

அவர் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டிருந்தார். இரண்டாவது பொத்தானில் கை இருந்தது. டாக்டரும் அதைப் பார்த்தார்.

“மாட்டுக்கறி” என்றார் டாக்டர். மைக்கைக் கொஞ்சம் கிட்டே வைத்துக்கொண்டார். “மாட்டுக்கறிக்கு மருந்துக் குணம் இருக்குன்னு எழுதியிருக்கு. பசி நெருப்பு அதிகமா இருக்கறவங்களுக்கு நல்லதுன்னு இருக்கு. செல்வி அன்னைக்குச் சொன்னது சரியான பதில். நான்தான் அதை அப்பவே சொல்லிருக்கணும். ஒத்துக்கறேன்.”

சில பேர் எழுந்து போனார்கள். ஒருவர் நாற்காலியை வேண்டுமென்றே சத்தமாக இழுத்துவிட்டுப் போனார். கமலக்கண்ணன் எழுந்து, “வா மா போலாம்” என்றார். பூங்காவனம் அம்மாள், “நீ போடா, வண்டியில இரு” என்றார். செல்வியக்கா பொத்தானைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

இதோடு எல்லாம் சுபம் என்று எழுத எனக்கு மனசு இல்லை. எழுந்து போனவர்களில் முக்கால்வாசிப்பேர் சென்டர் பக்கமே வரவில்லை. அறிமுகக் கூட்டமும் இப்போது நடப்பதில்லை. ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்று டாக்டர் சொல்கிறார். செல்வியக்கா வாய் தவறிச் சொன்னதால் வந்த வினை என்று ஊர் சொல்கிறது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பூங்காவனம் அம்மாளும் கேட்கவில்லை.

ஆனால் மறுநாள் திங்கட்கிழமை அந்த அம்மாள் முன்வாசல் வழியாக வந்து, வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணிடம், “தமிழ்ச்செல்வி இருக்குதா?” என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டார். நாலாம் நம்பர் அறைக்குள் போய்ப் படுத்தார். செல்வியக்கா வெறுங்கையில் எண்ணெயை எடுத்து, மணிக்கட்டில் விட்டுப் பார்த்து, எல்லாரையும் கேட்பதுபோல் கேட்டார்.

“நேத்து ராத்திரி இன்னா சாப்ட்டீங்க?”

“ரெண்டு இட்லி.” அந்த அம்மாள் தலையைத் திருப்பிச் செல்வியக்காவைப் பார்த்தார். “நீ?”

“நேத்து ஞாயித்துக்கெழம மா” என்றார் செல்வியக்கா. “உங்களுக்குத் தெரியும்.”

பூங்காவனம் அம்மாள் வலது தோளைக் காட்டிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தார். செல்வியக்கா கை வைத்தார்.